சவர்க்கார முதலாளியின் கொள்ளுப்பேரனுக்கு ஒரு மாலை

ஆர்ச்வேயில் நாங்கள் குடியிருந்த கட்டடம், விக்டோரியா ராணி காலத்துச் சவர்க்கார முதலாளி ஒருவர் தன் சோப்பு ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. ஆலையை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். குடும்பம் மட்டும் செழித்துக்கொண்டே இருந்தது. தெருவுக்கும் நூலகத்துக்கும் அவர்கள் பெயர்தான். ஒருவர் பாராளுமன்றத்தில், இன்னொருவர் வங்கியில். கட்டடமும் அவர்கள் கையில்தான் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், அதை விற்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது.

விற்றால் அம்மாவும் நானும் எங்கே போவது? ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, அறை அறையாக மாறி, அம்மா முதன்முதலாகப் பயமில்லாமல் நித்திரைகொண்ட இடம் அது. கட்டியவரை அவர் ஏறக்குறையக் கடவுளாக்கி வைத்திருந்தார்.

"செத்தும் எங்களுக்கு இருக்க இடம் தந்திருக்கிறார், தம்பி."

"சும்மா இருங்கோ அம்மா. எல்லாம் சவர்க்காரம் வித்த காசு" என்று எரிந்துவிழுவேன்.

முதலாளியின் பிறந்தநாளன்று வருடாவருடம் கீழ் மண்டபத்தில் தேநீர் விருந்து நடக்கும். அந்த வருடம் கொள்ளுப்பேரனே வருவதாக இருந்தது. விற்பதா இல்லையா என்று முடிவெடுப்பவர் அவர்தான். குடியிருப்பவர்கள் சார்பில் அவரிடம் பேச என்னைத் தள்ளிவிட்டிருந்தார்கள். சொல்லவேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு நான் இறங்கிப் போனபோது, அம்மா தன் வேலையை முடித்திருந்தார். மேசையிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சந்தனப் பொட்டு, தானே கட்டிய மாலை, முன்னால் ஊதுபத்தி. படத்தில் பழங்காலக் கோட்டும் கன்னம்வரை நீண்ட மீசையுமாக ஒருவர்.

"ஆற்ற படம் அம்மா?"

"இதென்ன கேள்வி? கட்டினவற்ற படம்தான்."

கதவு திறந்தது. அதே மீசை உள்ளே நடந்து வந்தது. படத்தில் இருந்தது கொள்ளுப்பேரன். கொள்ளுப்பாட்டனைப் போல உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

உயிரோடு இருப்பவரின் படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடமாட்டார்கள். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அந்த மனிதருக்கோ ஒரே சந்தோஷம். மாலையோடு படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். நான் பாடமாக்கியதெல்லாம் மறந்து ஏதோ உளறினேன். என் தோளில் தட்டி, கட்டாயம் யோசிப்பதாகச் சொன்னார்.

யோசித்துத்தான் விற்றார். கோடை முடிவதற்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னை மேட்டிலிருக்கும் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஒரு வீடு கேட்டு வேண்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அர்ச்சனைத் தட்டை நீட்டி, அந்தக் கொள்ளுப்பேரனின் பெயரைச் சொன்னார்.

"உங்களுக்கு விசரே? எங்களைத் தெருவில விட்டவனுக்கு அர்ச்சனையோ?"

"அவர் செய்தது அவரோடை. மாலை போட்டது என்ர கையெல்லே? அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால் எனக்கு நித்திரை வராது."

ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளைக்காரனின் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்?

"அனுசம்" என்றார் அம்மா.

அது என்னுடைய நட்சத்திரம். ஐயர் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கும்பிடு, தம்பி" என்றார் அம்மா.