சுவாம்பிள்ளை கழற்றிய கொட்டில்

சுவாம்பிள்ளைக்கு வெறும் இடத்தைக் கண்டால் கை அரிக்கும். மன்னாரிலிருந்து சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கு வந்த புதிதில் போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒற்றை அறையொன்றில் குடியிருந்தபோது, கட்டிலுக்கு மேலே பலகை அடித்து இன்னொரு கட்டில் செய்தார். கழிப்பறைக் கதவுக்கு மேல் அரிசி மூட்டைக்குத் தட்டு வைத்தார். சன்னலுக்கு வெளியே கம்பி நீட்டி வெங்காயம் தொங்கவிட்டார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் திரும்பிப் போனார். பகலெல்லாம் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிறவருக்கு, மாலையில் சுத்தியலைப் பிடித்தால்தான் உடம்பில் உயிர் வரும்.

அவருடைய மனைவி கிளறா, லிபெர்த்தா வீதியில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை செய்தாள். "இந்த மனிசனை ஒரு இடத்தில விட்டுட்டுப் போனா, திரும்பி வரேக்கை அந்த இடம் இராது" என்று கோயிலில் மற்றப் பெண்களிடம் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு 2017இல் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு கீழ்மாடி வீடு சொந்தமாக அமைந்தது. பின்பக்கம் தோட்டம். தோட்டம் என்றால் ஒரு எலுமிச்சை மரம், துணி காயப்போடும் கொடி, மிச்சமெல்லாம் வெறும் நிலம். குடிபுகுந்த அன்றே சுவாம்பிள்ளை அளவுநாடாவோடு அந்த நிலத்தில் குந்திவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் அவர்களின் திருமண வெள்ளிவிழா வந்தது. விருந்தைத் தோட்டத்திலேயே வைக்கலாம், நாலு தூண் நட்டு ஒரு சீலையைக் கட்டினால் போதும் என்றார். கிளறாவும் சம்மதித்தாள்.

தூண் நட்டார். நட்ட தூணைப் பார்த்தபோது, இவ்வளவு உறுதியான தூணுக்குச் சீலை கட்டுவது அவமானமாகத் தோன்றியது. தகரம் போட்டார். தகரம் போட்டதும் பக்கத்தால் காற்று அடித்தது. மூன்று பக்கமும் பலகை அடைத்தார். நாலாவது பக்கம் மட்டும் திறந்து கிடப்பது அவருக்கு மூக்கில்லாத முகம்போல் பட்டது. அதற்கும் பலகை, நடுவில் கதவு. உள்ளே தண்ணீர்க் குழாய், சட்டி கழுவத் தொட்டி.

கிளறா வேலையால் வந்து அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"என்னப்பா உது?"

"கொட்டில்."

"கொட்டிலுக்கு என்னத்துக்குப் பூட்டு?"

"கதவு இருந்தாப் பூட்டும் இருக்கோணுமெல்லே."

மேல்மாடியில் சினியோரா பீனா என்ற விதவை தனியே இருந்தாள். சுவாம்பிள்ளை ஆணி அடிக்கும் நேரமெல்லாம் பால்கனியில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "அழகாயிருக்கிறது, சினியோர் சுவாமி. மிக அழகாயிருக்கிறது" என்பாள். சுவாம்பிள்ளை நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்வார். "அந்த மனிசிக்கு ரசனை இருக்கு" என்று கிளறாவிடமும் சொன்னார்.

விருந்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கையில் ஒரு காலை நகரசபைக் காவலர்கள் இருவர் வந்தார்கள். கொட்டிலைச் சுற்றி நடந்தார்கள். மூத்தவர் திரும்பி, "பெர்மெஸ்ஸோ இருக்கிறதா?" என்றார்.

அனுமதி என்ற அந்த ஒரு சொல்லுக்குச் சுவாம்பிள்ளை எப்போதும் தயாராக இருப்பார். அதற்காக எத்தனை வரிசைகளில் நின்றவர். உள்ளே ஓடிப்போய், பிளாஸ்ரிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தன் வதிவிட அனுமதி அட்டையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். காவலர் அதை வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"நீங்கள் இங்கே இருக்கலாம், சினியோரே. அதில் சந்தேகமில்லை. ஆனால் இது இருக்க முடியாது" என்று கொட்டிலைக் காட்டினார்.

படமெடுத்தார்கள், அளந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். சுவாம்பிள்ளைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கிளறா தன் வழக்கறிஞர் வீட்டில் விசாரித்து, ஒரு ஜெயோமெத்ராவை அழைத்து வந்தாள். வீட்டுக்கு வரைபடம் போட்டு, நகரசபையில் அதற்கான அலுவல்களையும் பார்த்துத் தருகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வந்தவள் ரொசாலியா என்ற இளம் பெண். கொட்டிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இதற்குள் மழை வருமா?"

"ஒரு துளிகூட வராது" என்றார் சுவாம்பிள்ளை. காவலர்கள் வந்துபோன பிறகு அவர் நிமிர்ந்து பேசிய முதல் பேச்சு அது.

"அதுதான் பிரச்சினை" என்றாள் ரொசாலியா.

பிறகு எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, கிளறா கொடுத்த தேநீரைக் குடித்தபடி விளக்கினாள். தூண் நட்டு, மேலே திறந்தபடி விட்டுக் கொடி படரவிட்டால் அது பெர்கொலா, தோட்டத்துக்கு அலங்காரம். அளவோடு கட்டினால் யாரையும் கேட்க வேண்டாம். எடுக்க முடியாத கூரை போட்டால் அது தெத்தோயா, அனுமதி வேண்டும். சுவரும் கதவும் வைத்துவிட்டால் வீட்டுக்கு இன்னொரு அறை கட்டியதாகத்தான் கணக்கு.

"அறைக்கு அனுமதி கேட்டால்?"

"கிடைக்காது. இந்தக் காணியில் கட்டக்கூடியதையெல்லாம் இந்த மாடிக்கட்டடத்தைக் கட்டியவரே கட்டி முடித்துவிட்டார். உங்களுக்கு ஒரு அலுமாரி அளவுகூட மிச்சம் வைக்கவில்லை. இடிக்கச் சொல்லிக் கட்டளை வரும். அதற்கு முன் நீங்களாகவே கழற்றி அறிவித்தால் தலையிடி குறையும்."

சுவாம்பிள்ளை கிளறாவைப் பார்த்தார். கிளறா தொட்டியைப் பார்த்தாள். அதில் மீன் கழுவ அவளும் மனதுக்குள் ஆசைப்பட்டிருந்தாள்.

"கழட்டுங்கோ" என்றாள்.

ஆனால் தேவைக்கு மேல் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. முதலில் கதவை மட்டும் கழற்றி, வாட்ஸ்அப்பில் ரொசாலியாவுக்குப் படம் அனுப்பினார். "இன்னும் அறைதான். கதவில்லாத அறை" என்று பதில் வந்தது. ஒரு பக்கச் சுவரை எடுத்தார். "காற்றோட்டமான அறை." மற்ற மூன்று சுவரும் போயின. "இப்போது தெத்தோயா." தகரத்தில் பாதியை எடுத்துவிட்டு நம்பிக்கையோடு அனுப்பினார். "பாதித் தெத்தோயா" என்றாள் அவள். பெருமூச்சு விட்டபடி மற்றப் பாதியையும் இறக்கினார். கோபத்தில் தூணையும் பிடுங்கக் கடப்பாரையை எடுத்தபோது போன் அடித்தது.

"நிறுத்துங்கள். இனிக் கை வைக்காதீர்கள். இது பெர்கொலா."

அன்று பின்னேரம் சினியோரா பீனா ஒரு தட்டில் பலகாரத்தோடு இறங்கி வந்தாள். தட்டை வைத்துவிட்டு, "நகரசபைக்கு நான்தான் அறிவித்தேன்" என்றாள். "அந்தத் தகரத்தில் மழை விழுந்தால் என் தலைமாட்டில் யாரோ கடலை வறுப்பதுபோல் இருக்கிறது. எத்தனை தடவை உங்களுக்குச் சொன்னேன்."

சுவாம்பிள்ளை திகைத்துப்போனார். "அழகாயிருக்கிறது என்றல்லவா சொன்னீர்கள்?"

"சொன்னேன். ஒரு தடவை சொன்னால் அழகு. ஒவ்வொரு நாளும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னால் அது அழகா?"

கிளறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. முதலில் சுவாம்பிள்ளைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பலகாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

வெள்ளிவிழா அன்று பெர்கொலாவின் மேல் கிளறா தன் பழைய சேலைகளை விரித்துக் கட்டியிருந்தாள். ரொசாலியாவும் வந்திருந்தாள். அண்ணாந்து பார்த்து, "சேலைக்கு அனுமதி வேண்டாம்" என்றாள். கோயில் சுவாமியார் செபம் சொல்லி முடித்து இறைச்சிக் கறிக்குக் கை நீட்டிய நேரம் மழை கொட்டியது. ஆட்கள் கோப்பைகளோடு வீட்டுக்குள் ஓடினார்கள். உள்ளே இடம் போதவில்லை. சினியோரா பீனா படியில் நின்று எல்லோரையும் மேலே வரச் சொன்னாள். நனைந்த சேலையோடும் கோட்டோடும் பாதி விருந்து அவளுடைய வரவேற்பறையில் நடந்தது. அவள் கறியைத் தொட்டு நக்கிவிட்டு, கண்ணீர் வழிய இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அதற்குப் பிறகு சுவாம்பிள்ளை கட்டுவதை விட்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. கேட்டுவிட்டுக் கட்டத் தொடங்கினார், அவ்வளவுதான். நண்பர் சிவபாலன் பால்கனியைக் கண்ணாடியால் அடைக்கப் போவதாகச் சொன்னபோது அவரை ஒரு ஆணிகூட அடிக்க விடவில்லை.

"சிசிலியில அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. முதல்ல ரொசாலியாவோட கதைச்சுப் பாரும்" என்றார்.

"எல்லாரும் கேளாமல்தானே அடைக்கினம், அண்ணை?"

"அவையளுக்கு மேல சினியோரா பீனா இல்லை."

வெயில் காலம் தொடங்க, சினியோராவின் பால்கனிக்கு ஒரு சுருட்டுப் பந்தல் தேவைப்பட்டது. இழுத்தால் நிழல், சுருட்டினால் வானம். ரொசாலியா தடையில்லை என்றாள். குடியிருப்புக் கூட்டத்தில் கேட்டபோது நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாம்பிள்ளை ஏணியில் ஏறி நின்று, வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு பந்தலின் சட்டத்தைப் பொருத்தினார். கீழே ஏணியைப் பிடித்தபடி சினியோரா, இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றாள். உயர்த்தினார். இப்போது வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றாள். அதையும் சரிசெய்தார்.

"அழகாயிருக்கிறதா?" என்று கேட்டார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "பரவாயில்லை" என்றாள். சுவாம்பிள்ளை நிம்மதியாகக் கடைசித் திருகாணியை இறுக்கினார்.