சக்கையை மிதிக்காதவர்கள்

செய்யாமல் விடுவதற்கும் கைவிடுவதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? புத்தகங்களில் இதற்குப் பதில் தேடிப் பல வருடங்களைக் கழித்தவன் நான். லெங் சூஜென்னின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டபடியே எங்கள் நடுவில் இருந்தது. அவள் வாயைத் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கஷாயம் காய்ச்சினாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஷிபான், ஃபூ ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் நாபிக் கிழங்கு வயல்கள். பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும் கிழங்கு. உப்புநீரில் ஊறவைத்து, சீவிக் காயவைத்து, அரை நாள் விடாமல் கொதிக்கவைத்தால் செத்துக்கொண்டிருப்பவனின் கை கால்களுக்குச் சூட்டைத் திரும்பக் கொண்டுவரும். கொல்வதற்கும் காப்பதற்கும் இடையில் இருப்பது ஓர் அடுப்புதான். அந்த அடுப்பு மேட்டுக் கோயிலில், தாவோ துறவியான துவான் குருவின் வைத்தியசாலையில் எரிந்தது. அதன் முன்னால் சூஜென் உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றின் மேற்பக்கத்து ஊரிலிருந்து இருபத்தாறு வயதில் வந்தவள். புருஷன் கரையிலிருந்து கயிறு கட்டிப் படகு இழுக்கிறவன். ஒரு மழைக்காலத்தில் கயிறு அறுந்தது. பாறைகளுக்கு நடுவே அவனைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கினார்களாம். இடுப்பில் மூன்று வயது மகள் ஹுவானோடு கோயில் வாசலில் வந்து நின்றாள். குரு அவளுக்கு அடுப்பைக் கொடுத்தார். வேலை சுலபம்: நெருப்பு தணியக் கூடாது, பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பானையை இறக்கும் முன் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக் காத்திருக்க வேண்டும். நாக்கு மரத்தால் விஷம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஊரில் அவளுக்கு வைத்த பெயர் ‘நாக்கு’.

“ஏ நாக்கு! என் வீட்டு ஆட்டுக்கறி சூப்புல உப்பு இருக்கா பாத்துச் சொல்லு,” என்பான் கசாப்புக்கடை பாங்.

“உப்பு இருக்குண்ணே. கறியத்தான் காணோம்.”

ஆரம்ப வருடங்களில் அவள் இப்படியெல்லாம் பேசினாள்.

துவான் குருவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். மாலை நேரங்களில் நான் அவரோடு உட்கார்ந்து வாதாடியவன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அந்த ஊரில் வேறு துணை இல்லை. “உடம்பு ஒரு நாடு வாத்தியாரே,” என்பார். “நல்ல ராஜா அதிகமா உத்தரவு போடமாட்டான். காத்து அடிக்கும், ஓயும். காய்ச்சலும் அப்படித்தான். நடுவுல கைய நுழைக்கறவன் வைத்தியன் இல்ல, திருடன்.” அதில் உண்மை இருந்தது. மருந்தில்லாமல் அவர் திருப்பி அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள். மருந்து விற்றே பிழைக்கிற வைத்தியர்கள் அவரைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கலாம். ஆனால் பட்டு உடுத்தி வந்தவர்களின் உடம்பில் மட்டும் இயற்கைக்கு எப்போதும் உதவி தேவைப்பட்டது. இதை நான் கவனித்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவருடைய தேநீர் நன்றாக இருந்தது.

கஷாயம் வடித்த சக்கையை நாற்சந்தியில் கொட்டுவது எங்கள் வழக்கம். போவோர் வருவோர் மிதிக்க மிதிக்க, நோய் அவர்கள் செருப்போடு பிய்ந்து பிய்ந்து போய்விடும். அத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்வதால் யாருக்கும் ஒரு தும்மலுக்கு மேல் மிஞ்சாது. நோயாளி வீட்டார் மட்டும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் நோய் வீட்டுக்கே திரும்பிவிடும். ஆகவே அது பிறர் கால்களால் மட்டுமே நடக்கிற உபகாரம். உன் அம்மாவின் சக்கையை நான் மிதித்தேன், என் பிள்ளையின் சக்கையை நீ மிதி. எங்கள் ஊரில் அன்பு என்று சொல்லத்தக்கது வேறு அதிகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஹுவானுக்கு ஏழு வயதான குளிர்காலத்தில் உப்பு வியாபாரி லுவோவின் தாயார் படுத்தார். வயிற்றுப்போக்கு, சில்லிட்ட கை கால்கள், தேடினாலும் கிடைக்காத நாடி. குரு ஆறு நாள் நாபி கொடுத்தார். சூஜென் காய்ச்சினாள். ஒவ்வொரு காலையும் நான் பள்ளிக்கூடத்து நாற்பது பிள்ளைகளையும் வரிசையாக நாற்சந்திக்கு அழைத்துப்போய், சக்கையின் மேல் மூன்று முறை நடக்கவைத்தேன். லுவோ வீட்டிலிருந்து எள்ளு அப்பம் வந்தது. கிழவி எழுந்து உட்கார்ந்து மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஏழாம் நாள் ஹுவான் அதே நோயில் விழுந்தாள்.

குரு நாடி பார்க்கும்போது நான் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில்தான் இருந்தேன்.

“நாபி குடுங்க குருவே,” என்றாள் சூஜென். “ரெண்டு சீவல் போதும். நானே காய்ச்சிக்கறேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “சின்ன உடம்பு. தானா இறங்கின சூடு தானா ஏறும். நாம கைய நுழைச்சா கலங்கிடும்.”

“லுவோ வீட்டு அம்மாவுக்கும் இதே குளிர்தானே?”

“அவங்க வயசு வேற.”

“அவங்களுக்கு எழுவத்தொம்பது. இவளுக்கு ஏழு.”

“அதத்தான் சொல்றேன். இவ இன்னும் இயற்கைக்குப் பக்கத்துல இருக்கா. கெடுத்துடாத.”

ஜாடியில் மீதி இருந்த நல்ல சீவல்களை, கிழவிக்கு மறுபடி வந்தால் ஆகட்டும் என்று லுவோ சொல்லிவைத்திருந்தார். அது குருவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஜாடியைத் தினமும் துடைத்துவைக்கிற அவளுக்கும் தெரியும். அவள் ஜாடியைத் தொடவில்லை. கிழவியின் கடைசிச் சக்கையில் பாதியைக் கொட்டாமல் எடுத்துவைத்து, மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து மகளுக்குக் கொடுத்தாள். சாயந்தரம் குழந்தையின் கால் கட்டைவிரலில் கொஞ்சம் சூடு தட்டியது. அந்தச் சந்தோஷத்தில் பாங்கின் பெண்டாட்டியிடம் அதைச் சொல்லிவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அவள் நாற்சந்தியில் சக்கையைக் கொட்டியபோது ஊருக்கே தெரிந்திருந்தது. இருமுறை வெந்த சக்கை. அதில் கிழவியின் நோயும் இருக்கிறது, குழந்தையின் நோயும் இருக்கிறது.

“ரெட்டைச் சக்கை!” என்று கத்தினான் பாங். “எனக்குக் காலு ரெண்டுதான் தங்கச்சி. ஆளுக்கொண்ணுன்னு குடுத்துட்டா நான் எதுல நடக்கறது?”

எல்லோரும் சிரித்தார்கள். சந்தியின் ஓரமாக ஒரு சாக்கடை ஓடுகிறது; அதன் கரை ஒரு சாண் அகலம். அதன் மேல் ஒருவர் பின் ஒருவராக, கைகளை விரித்துச் சமாளித்து நடந்து போனார்கள். பாங்கின் பெண்டாட்டி தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே கடந்தாள். சூஜென் காலிப் பானையோடு நின்றாள்.

“ஒரு காலு வைங்கண்ணே. ஒரே ஒரு காலு.”

“போம்மா. எங்க வீட்டுலயும் குழந்தைங்க இருக்கு.”

துவான் குரு குடையோடு வந்தார். சக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மிருதுவாகச் சிரித்து, சாக்கடைக் கரையில் ஏறி, அந்த வயதிலும் தள்ளாடாமல் நடந்தார். அவருக்குப் பின்னால் நான் நடந்தேன். பிள்ளைகளை அன்று வேறு வழியாக அனுப்பியிருந்தேன்.

மத்தியானம் பனி விழுந்து சக்கையை மூடியது. அதன் மேல் ஒரு நாயின் காலடி மட்டும் இருந்தது. அதுவும் பாதியில் திரும்பிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் ஹுவான் இறந்தாள். குரு அவள் அறை வாசலில் வந்து நின்றார். “வந்த வழியே போயிட்டா. நீ அழுதா அவளுக்குத்தான் பாரம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மத்தியான கஷாயம் அடுப்புல இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு குருவே.”

அதன் பிறகு பதினோரு வருடம் அவள் அதே அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. போவதற்கு இடம் இருக்கிறவர்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். பேச்சு குறைந்தது. ஒன்று மட்டும் புதிதாகச் செய்தாள். தினமும் காலையில் நாற்சந்திக்கு வந்து, அங்கே கிடக்கிற சக்கை எவருடையதாக இருந்தாலும், இரண்டு கால்களையும் நன்றாக அழுத்தி மிதித்துவிட்டுப் போவாள். பாங்கின் பெண்டாட்டிக்குப் பிரசவத்தில் காய்ச்சல் கண்டபோதும் மிதித்தாள். அதற்காக அவளை யாரும் பாராட்டவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்ததால், அவள் வருகிற நேரத்தில் சந்தியில் நிற்பதைத் தவிர்த்தார்கள்.

பதினோராம் வருடம், நாட்டில் போர் முடிந்த குளிர்காலத்தில் துவான் குரு விழுந்தார். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு, விடியும்போது முழங்கை வரை சில்லிட்டிருந்தது. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். எழுபத்துநாலு வயதில் அவர் முகத்தில் முதல் தடவையாக அவசரத்தைப் பார்த்தேன்.

“நாபி. ஒரு பிடி,” என்றார். “சூஜென்னக் கூப்பிடு.”

அவ்வளவு நாபியைப் பதம் பார்த்து இறக்க ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விஷயம் நினைவுக்கு வந்தது. பாங்தான் அவள் பக்கத்தில் போனான்.

“தங்கச்சி, பழசெல்லாம் இப்ப மனசுல வெச்சுக்காத.”

“எதண்ணே?”

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அவள் குருவின் கட்டில் அருகே வந்தாள். அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். “தானா இறங்கினது தானா ஏறாதா குருவே?”

அந்த அறையில் நான் இருந்தேன். கேலி இல்லை அவள் குரலில். தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“சாகப் போறவன்கிட்ட தத்துவம் பேசாத,” என்றார் குரு. “அடுப்பப் பத்த வை.”

பற்ற வைத்தாள். ஜாடியிலிருந்து நல்ல சீவல்களாகவே பொறுக்கினாள். ஐந்து மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை, நெருப்பு ஒரு முறையும் தணியவில்லை. மூன்று தடவை சொட்டை நாக்கில் விட்டு, கண்ணை மூடிக் காத்திருந்து, தலையசைத்து மறுபடி பானையை மூடினாள். நான்காவது தடவை பானையை இறக்கினாள்.

குரு கிண்ணத்தை வாங்கவில்லை. அவள் வாயையே பார்த்தார். “மரத்துச்சா?”

“இல்ல.”

“பாங்கக் குடிக்கச் சொல்லு.”

பாங் இரண்டடி பின்னால் போனான். “எனக்கு வயிறு சரியில்ல குருவே. வாத்தியார் படிச்சவரு.”

நான் ஒரு வாய் குடித்துக் காத்திருந்தேன். நாக்கு நாக்காகவே இருந்தது. அதன் பிறகுதான் அவர் குடித்தார். சாயந்தரத்துக்குள் விரல் நுனிகளில் சூடு வந்தது, ஒரு கிண்ணம் கஞ்சி கேட்டார். நான்காம் நாள் விடியற்காலையில் இறந்துபோனார். மருந்தில் குற்றமில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அதே பானையிலிருந்து குடித்தவன் உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஊர் மருந்தைக் குற்றம் சொல்லவில்லை. அவர் கஞ்சி கேட்ட அந்தச் சாயந்தரம் அவள் செய்ததைத்தான் சொல்கிறது. ஏன் அப்படிச் செய்தாய் என்று பாங் கேட்டான். கோயிலின் புதுக் குரு அவளை அடுப்படியிலிருந்து வெளியேற்றும்போது கேட்டார். அதன் பிறகு நாபி வயலில் களை பறித்து அவள் வாழ்ந்த பத்தொன்பது வருடங்களில் நானும் இரண்டு தடவை கேட்டேன். அவள் களையைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அன்று சாயந்தரம் நாற்சந்தியில் ஊரே காத்து நின்றது. லுவோ வீட்டார் பட்டுச் செருப்போடு வந்திருந்தார்கள். பாங், அவன் பெண்டாட்டி, வளர்ந்துவிட்ட அவர்கள் பிள்ளைகள். நான் மாணவர்களை மூன்று வரிசையாக நிறுத்தியிருந்தேன். குருவின் சக்கையை முதலில் மிதிப்பது யார் என்று சின்னத் தள்ளுமுள்ளு கூட நடந்தது.

சூஜென் பானையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். நாங்கள் நடுவில் இடம் விட்டு ஒதுங்கினோம். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். சாக்கடைக் கரையில் ஏறினாள். அந்த ஒரு சாண் அகலத்தில், பானையை நெஞ்சோடு அணைத்து, ஒவ்வோர் அடியாக எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆறு வளையும் இடத்தில், தண்ணீர் ஆழமாக ஓடுகிற பக்கம், எந்தக் காலும் படாத ஒரு பாறைக்குக் கீழே பானையைக் கவிழ்த்தாள். கையால் அடியைச் சுரண்டி, ஒட்டியிருந்த கடைசிச் சீவலையும் ஆற்றில் விட்டாள்.