குளத்துக்குள் போட்ட கரைவலை

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஊர் விவசாயிகளில் வயது போன ஆள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. குளிரூட்டிய மண்டபம். பெட்டிக்குள் ஒரு ரோல்ஸும் ஒரு வாழைப்பழமும். திரையில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அம்புக்குறிகள் பாய்ந்துகொண்டிருந்தன. கிராமங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைத்தால் என்னென்ன நன்மை வரும் என்று ஓர் இளம் அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை; மனப்பாடம் செய்து வந்திருந்தார். நான் வாழைப்பழத்தை உரிக்கும்போது பக்கத்துக் கதிரைக்குக் கீழே இருந்த பையிலிருந்து கருவாட்டு வாசம் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

தொண்ணூறுகளில் அந்த வாசம் என் சைக்கிளுக்கே இருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, உரம் இல்லை, சீமெந்து கண்ணிலும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரமாக இருந்த எங்கள் குடியேற்றத்தில் நெல்லும் மிளகாயும் விளைந்தன. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து கரையோரமாகக் கொட்டில் போட்டிருந்த மாதா கோயில் வேதக்காரச் சனத்திடம் கருவாடும் உப்பும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நானும் என் சைக்கிளும். போகும்போது அரிசி மூட்டை, வரும்போது கருவாட்டுக் கட்டு. அதுதான் என் முதல் உத்தியோகம். கோயில் திருவிழாவில் சாமிக்குப் பின்னால் சனம் போகும், எனக்குப் பின்னால் பூனை வரும் என்று என் தங்கச்சி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆரம்பத்தில் இரண்டு ஊருக்கும் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். கரையில் எங்களைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். கேட்கும்போது உடம்பு எரியும். நாங்கள் மட்டும் யோக்கியமா? அவர்கள் வந்துபோன பிறகு வாசலுக்குத் தண்ணீர் தெளித்த வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன.

சேர்த்து வைத்தது அன்பு இல்லை, ஆள் பற்றாக்குறை. கடலில் வளைத்து விட்டுக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு நிறையக் கை வேண்டும். கரையில் இளசுகள் குறைந்துபோயிருந்தார்கள். போராடப் போனவர்களும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர்களும் போக மிச்சம் கிழவர்கள்தான். அதனால் சித்திரை தொடங்கினால் நாங்கள் வலை இழுக்கப் போனோம். மாசியில் அவர்கள் எங்களுக்கு நெல் வெட்ட வந்தார்கள். கூலி கிடையாது, கைக்குக் கை. முதல் நாள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மூச்சுப் பிடித்து இழுத்தேன். அலை என்னை முகம் குப்புற மணலில் தேய்த்தது. வலையின் சொந்தக்காரர் மரியநாயகம் சம்மாட்டி வந்து தூக்கிவிட்டார்.

"தம்பி, மீனைப் பிடிக்கிறியோ மலையைப் புடுங்கிறியோ? அவசரப்பட்டா கடல் வராது. பாட்டுக்கு இழு."

அவர்கள் அம்பா பாடுவார்கள். அந்தப் பாட்டின் இழுப்புக்குத்தான் கை போக வேண்டும். எனக்கு அது பிடிபட ஒரு பருவம் போனது.

ஒரு மார்கழியில் மழை விடாமல் ஊற்றியது. விடியும்போது எங்கள் குளக்கட்டு ஓரிடத்தில் கரைந்து வாயைத் திறந்திருந்தது. கீழே வயலில் பயிர் கதிர் தள்ளும் நேரம். அதுதான் அந்த வருடத்துச் சோறு. எங்களுக்கும் அதுதான், கரைக்கும் அதுதான். மரக்கொப்புகளை வெட்டிப் போட்டோம், களிமண் கொட்டினோம், எல்லாவற்றையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மண் கட்டிப் போட ஒரு சாக்கு இல்லை. ஊரில் இருந்த சாக்கெல்லாம் பதுங்குகுழிகளுக்கு மேல் இருந்தது. "ஓடுடா, கரையில போயி கவுறு கேட்டு வாங்கிட்டு வா" என்றார் அப்பா.

வெள்ளத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மாரியில் கரைவலை கிடையாது. வலையின் மடி, அதாவது மீன் வந்து சேரும் அந்தப் பெரிய பை, வலை வைக்கும் வாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சம்மாட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாக்குத்தானே இல்லை? இது பெரிய சாக்கு."

அவர் மனைவி றீற்றா அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"உங்களுக்கு விசரே? சித்திரைக்கு எதால பிடிக்கிறது?"

"இவையின்ரை வயல் போனா, மாசிக்கு எதைத் தின்னுறது?"

கரைச் சனம் மடியைத் தடியில் கோத்து, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். மடிக்குள் களியும் வைக்கோலும் கல்லும் அடைத்து, வாயை இறுக்கிக் கட்டினோம். கயிற்றின் ஒரு தலையில் அவர்கள், மறு தலையில் நாங்கள். மழைக்குள் அம்பா எழும்பியது. தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டிப் பழகிய எங்கள் பெரிசுகளும் வாய்க்கு வந்தபடி பாடினார்கள். மடி உருண்டு போய் உடைப்புக்குள் இறங்கி உட்கார்ந்தது. அதற்கு மேல் போட்ட மண் நின்றது.

அப்பா சம்மாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுத்ததும் மொத வண்டி நெல்லு ஒங்க கரைக்குத்தாங்க. அத வித்துப் புது மடி போட்டுக்கங்க."

"ஓம், பாப்பம். முதல்லை குளம் நிக்கட்டும்" என்றார் அவர், நடுங்கிக்கொண்டே.

குளம் நின்றது. அப்படி ஒரு விளைச்சலை நான் அதற்கு முதல் கண்டதில்லை. தை முடியும்போது ஷெல் வயலுக்குள் விழத் தொடங்கியது. முற்றிய கதிரை அப்படியே விட்டுவிட்டு, பாயும் பானையுமாக மேற்கே ஓடினோம். பின்னால் திரும்பிப் பார்த்தபோது வயல் மஞ்சளாக நின்றது. அந்த மஞ்சளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

சித்திரை வந்தது. மடி இல்லாமல் கரைவலை போட முடியாது. சம்மாட்டி சின்னத் தெப்பத்தில், கைவலையோடு கடலுக்குப் போனாராம். கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாம். தெப்பத்தின் ஒரு பலகை மட்டும் கரைக்கு வந்ததாம். இதெல்லாம் நாங்கள் தங்கியிருந்த கொட்டிலில் கேள்விப்பட்டது.

நிவாரண அரிசியில் கொஞ்சத்தைச் சீலைத்துண்டில் முடிந்துகொண்டு அப்பாவும் நானும் சைக்கிளில் போனோம். முதல் வண்டி நெல்லுக்குப் பதில் அதுதான் எங்களிடம் இருந்தது. றீற்றா அக்கா வாசலில் இருந்தார். அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணை, குளம் நிக்குதோ?"

"நிக்குதும்மா. வயலுக்குத்தான் ஆளில்ல."

"நிக்கட்டும்."

அரிசியை அவர் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அப்பா அதை வாசலில் வைத்துவிட்டு வந்தார். வழி முழுக்க அழுதுகொண்டு வந்தார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். குளத்தைத் திருத்த மண் வெட்டும் மெசின் வந்தது. குளக்கட்டைக் கிண்டும்போது நைலோன் வலை கொத்துக் கொத்தாக இழுபட்டு வந்தது. "ஐயா, குளத்துக்குள்ளை ஆர் கரைவலை போட்டது?" என்று மெசின்காரன் சிரித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பற்றையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டான். அதற்குள்ளும் கொஞ்சம் மீன் வாசம் இருந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்துக் கதிரைப் பிள்ளை பையை எடுத்தாள். எந்த இடம் என்று கேட்டேன். அந்தக் கரைதான். றீற்றா அக்காவைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒருவரையும் தெரியாது என்றாள்.

"கரைவலைக்கு இப்ப ஆர், பிள்ளை, வாறது?"

"மெசின்தான் இழுக்குது, ஐயா. வெளி ஊர் ஆக்கள் எதுக்கு?"

எங்கள் வயலையும் மெசின்தான் வெட்டுகிறது. இந்த மாசியும் முதல் லோட் நெல் வயலிலேயே லொறிக்காரனுக்குப் போனது.