அண்ணன் உடைத்த மானிட்டர்

பொன்மலையில் எங்கள் கம்ப்யூட்டர் கிளப் நடக்கும் அறைக்குள் அண்ணன் இரும்புக் கம்பியோடு நுழைந்தான். யாரோ என் முகத்தை ஒட்டித் தயாரித்த நிர்வாணப் படம் அவன் செல்போனுக்கு வந்திருந்தது. முதல் அடியிலேயே என் உதடு கிழிந்தது. என் செல்போனைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான்.

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறியாமே? குடும்ப மானம் போகணுமாடி?”

மிரட்டல் வந்தால் அழிக்கக் கூடாது, சேமிக்க வேண்டும் என்பது கிளப்பில் நாங்கள் எல்லோருக்கும் சொல்வது. புகாருக்காக எனக்கு வந்த மிரட்டல்கள் எல்லாவற்றையும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அண்ணன் கம்பியை ஓங்கி மானிட்டரில் இறக்கினான். கண்ணாடி தெறித்து, பக்கத்தில் இருந்த கிளப் தோழியின் கையைக் கிழித்தது.

“எல்லாம் தூள். இப்ப எதக் காட்டுவே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். படம் தெரிகிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவன் நினைத்துவிட்டான். மேஜைக்கு அடியில், கட்டற்ற மென்பொருள் ஏற்றி நானே உயிர் கொடுத்த பழைய சி.பி.யு. பெட்டி கீறல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தோழி வேறொரு மானிட்டரை அதில் செருகினாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, படிக்கத் தெரியாத அண்ணனுக்காக அந்த மிரட்டலைச் சத்தமாகப் படித்தேன்.

“கிளப்ப விட்டு ஓடிடு. இல்லன்னா உங்கண்ணனுக்கு அனுப்புவேன். மிச்சத்த அவனே பாத்துப்பான்.”

அண்ணன் கம்பியோடு வாசல் பக்கம் திரும்பினான்.

“எவன்டி அவன்? கொன்னுடுறேன்.”

“ஸ்டேஷன்ல சொல்றேன். கம்பிய வச்சிட்டு வண்டிய எடு.”