சுவரில் ஒட்டிய ஏழு கட்டங்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் கேட்போம். மற்ற நேரமெல்லாம் அவள் 'கட்டம்'தான். எதை வரைந்தாலும் முதலில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டு அதற்குள்தான் வரைவாள். கேன்டீன் மேஜையில் தண்ணீர் சிந்தினால்கூட விரலால் இழுத்து அதற்கு நாலு மூலை வைத்துவிடுவாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் பெருமை உண்டு.

ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் நாங்கள் இருவரும் மாடியறையில் ஜன்னலோரம் அடுத்தடுத்து நின்று வரைவோம். நிறம் மாறிப்போன கைகழுவும் தொட்டி, மூக்கு உடைந்த பிளாஸ்டர் தலை, அதன் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன தொப்பி, அறை முழுக்க டர்பன்டைன் நெடி. இப்போதுகூட பெயின்ட் அடிக்கிற வீட்டைத் தாண்டிப் போனால் என் கால் தானாக ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. அந்த அறைக்கு மறுபடி போக முடியாதே என்று இருக்கிறது. அங்கே இருந்தபோது மட்டும் எப்போது மணி அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது பழங்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஆரஞ்சு, ஆப்பிள், வெட்டியது, வெட்டாதது. பேராசிரியருக்கு என் பழங்கள் என்றால் உயிர். கட்டத்தின் பக்கம் வந்தால் மட்டும் அவர் முகம் சுண்டிப்போகும்.

“காமிக்ஸ்ங்கிறது சின்னப் பசங்க பஸ்ஸுல போறப்ப படிக்கிறது. நீ கடைசி வருஷம்மா” என்றார் ஒருநாள்.

“எங்கம்மாகூட வேலை செய்றவங்க யாரும் மியூசியத்துக்குப் போனதில்ல சார். எல்லாரும் பஸ்ஸுலதான் போறாங்க” என்றாள் இவள்.

பேராசிரியர் என் பழங்களைப் பார்க்க வந்துவிட்டார். பார்த்தபடியே, “என்னமோ பண்ணு. மார்க்குக்கு நான் பொறுப்பில்ல” என்று அவளுக்குப் பதில் சொன்னார்.

கட்டத்துக்கு வாய் சும்மா இருக்காது. சாப்பிடும்போதும் பாடம்தான். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு என் முன்னால் தள்ளுவாள். முதல் கட்டத்தில் ஒரு அம்மா செருப்பு மாட்டுகிறாள். அடுத்ததில் ஒரு குழந்தை தரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

“கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நான் கதவே வரையலயே! ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல வெறும் வெள்ளைதான் இருக்கு. சாத்துனது நீ.”

எனக்கு எரிச்சலாக வரும். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், யார் வீட்டுக் கதவையோ சாத்தியதாக என் தலையில் கட்டினால்? ஆனால் அந்தக் குழந்தை அன்றைக்கு முழுக்க என் கூடவே வந்தது. என் எந்த ஆப்பிளும் யார் கூடவும் அப்படிப் போனதில்லை.

அழுகிற முகம் வரைய மாட்டாள். கண்ணீர்த்துளி அவள் படத்தில் கிடையவே கிடையாது. கேட்டால், “அழுற மூஞ்சியப் பாத்தா எல்லாரும் 'ஐயோ பாவம்'னு சொல்லுவாங்க. பாவம்னு சொல்லிட்டா அவங்க வேலை முடிஞ்சுபோச்சு. கிளம்பிடுவாங்க” என்பாள். சமூகப் பிரச்சினை என்று தலைப்புப் போட்டு எங்கள் வகுப்பில் ஆளாளுக்கு எலும்பும் தோலுமாகக் கைகளை வரைந்து தள்ளிய காலம் அது. அவள் மட்டும் ஒரு நாற்காலியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்காலி அவளுடைய அம்மாவுக்காக. மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அம்மா இஸ்திரி போட்டார். நீள மேஜை, ஆவி இஸ்திரிப்பெட்டி, ஒரு பக்கம் மலையாக விரிப்புகள். காலையில் நின்றால் சாயங்காலம்வரை நின்றபடிதான். அந்தக் கூடத்தில் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் வேலை படுத்துவிடும் என்பது அங்கே சட்டம் மாதிரி. அம்மாவின் காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, கணுக்காலுக்கு மேல் ஒரு புண் வந்து, ஆறுவேனா என்று அடம்பிடித்தது. “நின்னுட்டே இருந்தா இது ஆறாது. ஒண்ணு உக்காந்து வேலை பாருங்க, இல்லன்னா வேலைய விடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வேலையை விட்டால் கட்டம் படிப்பை விட்டுவிட்டு அதே மேஜைக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

அதனால் அவளுடைய கடைசி வருட வேலை ஒரு சுவர்க்கதை ஆனது. பஸ் நிறுத்தத்திலிருந்து சலவைக்கூடத்தின் வாசல்வரை ஒரு சந்து. சந்து நெடுக, பூட்டிக் கிடந்த கிடங்கு ஒன்றின் சுவர். கிடங்குக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். ஆளுயரத் தாள்களில் ஏழு கட்டம். கூடத்தில் பல ஊர்ப் பெண்கள், பல மொழிகள். அதனால் ஒரு எழுத்துகூட இல்லை. யார் முகத்தையும் யாரும் அடையாளம் சொல்லி வேலைக்கு வேட்டு வைக்கக் கூடாதென்று முகங்களுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான்.

முதல் கட்டத்தில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள், வேலைக்குக் கிளம்புகிறாள். இரண்டாவதில் மேஜை, பக்கத்தில் சின்ன அடுக்காக விரிப்புகள். மூன்றாவதில் அடுக்கு இடுப்புவரை. நான்காவதில் கையை உயர்த்தி ஏதோ கேட்கிறாள். ஐந்தாவதில் ஒரு மேலாளர் விரலை ஆட்டுகிறார். ஆறாவதில் அடுக்கு கூரையைத் தொடுகிறது. ஏழாவதில் அவள் தரையில் கிடக்கிறாள். அந்த ஏழாவதை அவள் வரைந்து முடித்தபோது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பழம் வரைகிறவளுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடம் லீவு. வெயில் ஏறுவதற்குள் ஒட்டினோம். பசை வாளி தூக்கியது, ஏணி பிடித்தது, தலையில் பசை வாங்கிக்கொண்டது எல்லாம் நான். அவள் தூர நின்று, “கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் நோக்கி நடந்து பார்த்தோம். கதை அச்சு மாறாமல் வந்தது.

திங்கட்கிழமை காலையில் சந்து முனையில் ஒளிந்துகொண்டு பார்த்தோம். ஒருத்தியும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மணி அடித்துவிட்டால் வாசலைச் சாத்திவிடுவார்கள், எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சாயங்காலம்தான் ஆற அமர வந்தார்கள், நின்று பார்த்தார்கள். ஆனால் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு. அதாவது ஏழாவதிலிருந்து முதலாவதுக்கு.

எங்களுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். குரலும் உடம்பும் பெரிதான ஒருத்தி, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், பக்கத்தில் வந்தவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா, விழுந்து கிடக்குறா. அம்மாம்பெரிய அடுக்கு! மேனேஜர் வந்து திட்டுறாரு. சரி சார்னு கையத் தூக்குறா. அப்புறம் பாரு, வேலை குறையுது, இன்னும் குறையுது, எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறா. கெட்டிக்காரி!”

கட்டம் அப்படியே சந்து முனையில் குந்திவிட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். அதற்கு மேலும் ஒரு கூத்து நடந்தது. மேனேஜரே வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏழிலிருந்து ஒன்றுவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு காவலாளியைக் கூப்பிட்டார்.

“நல்ல படம்யா. நம்ம ஆளுங்களுக்கு உற்சாகமா இருக்கும். யாரும் கிழிக்காம பாத்துக்கோ. இங்க இருக்குற எதையும் தொடக் கூடாது.”

கட்டம் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனபோது அம்மா கால் புண்ணில் துணி சுற்றிக்கொண்டிருந்தார், நான் பார்த்ததும் புடவையை இழுத்து மூடினார். “இவ எதுக்கும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா? படம் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே” என்றார். கட்டம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவள் போர்வையை உருவினேன். எனக்குப் பொறுமை எப்போதும் கம்மி.

“ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஆள் வருதுல்ல? அப்போ ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரை. எந்திரி.”

அவள் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். பிறகு பென்சிலைத் தேடினாள்.

அடுத்த ஞாயிறு பழைய தாள்கள் மேல் புதியவற்றை ஒட்டினோம். பஸ் பக்கத்திலிருந்து காலையில் வருகிற ஒருத்தி, வாசல் பக்கத்திலிருந்து சாயங்காலம் வருகிற ஒருத்தி, அவள் கால் வீங்கியிருக்கிறது. இருவரும் மூன்று மூன்று கட்டமாக நடந்து நடுவை நோக்கி வருகிறார்கள். நடுக்கட்டத்தில் எதுவுமே இல்லை, வெறும் வெள்ளை. அதற்கு முன்னால் தரையில் நிஜமாகவே ஒரு ஸ்டூலை வைத்தாள். எங்கள் மாடியறையில் மாடல்கள் உட்காருகிற உயரமான ஸ்டூல். அறைச் சாவி என்னிடம் இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்வதற்கில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். ஸ்டூலைச் சுற்றிக் கூட்டம். தொட்டுப் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். கட்டம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா மாட்டவே மாட்டேன் என்றார். “எல்லாரும் நிக்கிறப்ப நான் மட்டும் எப்படிடி உக்காருறது?” கடைசியில் பெரியக்காதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, “அப்பாடா!” என்றாள். அந்த அப்பாடா பஸ் நிறுத்தம்வரை கேட்டிருக்கும். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பஸ் வந்தது, போனது. யாரும் ஏறவில்லை. உட்காருவதற்காகச் சந்து நீளத்துக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் கட்டம் அன்றைக்கு அழுதாள், அவள் வரைய மாட்டேன் என்ற அதே அழுகையை.

மறுநாள் காலையில் பெரியக்கா ஸ்டூலைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். காவலாளி மறித்தார்.

“அது படத்தோட ஸ்டூலு. அதைத் தொடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிருக்காரு!”

“அதான்யா, நீ தொடாத. நான் தொடுறேன்.”

காவலாளி யோசித்து முடிப்பதற்குள் அவள் கூடத்துக்குள் இருந்தாள். உயர ஸ்டூல் இஸ்திரி மேஜைக்குக் கச்சிதமாக இருந்ததாம். முறை வைத்து உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். மேனேஜர் காச்மூச்சென்று கத்திப் பார்த்தார். சாயங்காலம் பார்த்தால் விரிப்புகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் தேய்த்து முடிந்திருந்தன. சில வாரத்தில் மேஜைக்கு ஒன்றாக ஸ்டூல் வந்தது. அது தன்னுடைய யோசனை என்று அவர் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மா வேலையை விடவில்லை, கட்டம் படிப்பை விடவில்லை. பேராசிரியர் கேமராவுடன் வந்து சுவரைப் படம் பிடித்துப் போனார். மார்க் மட்டும் சுமாராகத்தான் போட்டார். இப்போது அவள் மருத்துவமனைகளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்கிறாள். பெரிய பெயரெல்லாம் இல்லை. நான் பழங்களை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஜூஸ் டப்பாவுக்கு வரைந்தது போதும் என்று தோன்றிவிட்டது.

எனக்கு அந்த ஸ்டூல் உள்ளே போன நாளின் சாயங்காலம்தான் அடிக்கடி ஞாபகம் வரும். நானும் கட்டமும் வாசலில் காத்திருந்தோம். நடுவில் வெள்ளையாக விட்ட கட்டத்தில் அம்மா உட்கார்ந்த கதையை வரைய வேண்டும் என்று அவள் தாளும் பென்சிலுமாக வந்திருந்தாள். அம்மா எல்லோருக்கும் கடைசியாக, மெல்ல வந்தார்.

“உக்காந்தியாம்மா?”

“எல்லாரும் உக்காந்தப்புறம் கடைசியில கொஞ்ச நேரம்.”

“எப்படி இருந்துச்சு?”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உக்காந்ததும் வலி தாங்கலடி. நின்னுக்கிட்டே இருந்தவரைக்கும் அது பாட்டுக்கு இருந்துச்சு. இத்தன வருஷமா இவ்வளவு வலிச்சிருக்குன்னே எனக்குத் தெரியல.”

கட்டம் பென்சிலைப் பையில் போட்டுவிட்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, குனிந்து அம்மாவின் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கூச்சத்தில் உயிரே போய்விட்டது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“விடுடி, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்மா” என்றாள், விடாமல்.