கீழ்த்தட்டில் நிற்கும் ஆள்

பூம்பாறை வேலுமணிக்கு நாற்பத்தொரு வயது. வாரத்தில் ஆறு நாள் பூண்டு விவசாயி, ஞாயிற்றுக்கிழமை ஊர் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன். அவரைக் கேட்டால் கேப்டன் என்பதைத்தான் முதலில் சொல்வார்.

பூம்பாறை மைதானத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலைச்சரிவில் படிபோல வெட்டிய இரண்டு தட்டு நிலம் அது; ஆட்டமெல்லாம் மேல்தட்டில். ஓங்கி அடித்தால் பந்து கீழ்த்தட்டுப் பூண்டுப் பாத்திக்குப் போய்விடும். அங்கே ஒருவர் தனியாக நிற்க வேண்டும். மட்டை பிடிப்பவன் அவருக்குத் தெரியமாட்டான்; மேலே இருப்பவர்கள் போடும் கூச்சலைக் கேட்டு, தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அது வேலுமணியின் இடம்.

இந்த வருடம் அவர் மூன்று கேட்ச் விட்டார், மூன்று ஆட்டமும் போனது. "கீழ மேகம் எறங்கிருச்சுப்பா, பந்து தெரியல" என்றார். மேல்தட்டில் வெயிலடிக்கும்போதே கீழ்த்தட்டு வெள்ளையாகக் கிடக்கிற ஊர் அது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மலைக் கிராமப் போட்டியில் பாதி ஆட்டங்கள் முடிந்ததும் இரண்டு அணிகள் தங்களுக்குள் ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கடைசி நாளன்று பக்கத்து ஊரான பள்ளங்கியின் கேப்டன் ஜெயமுருகன், கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு பூம்பாறை டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"எங்க சிவமுருகனை எடுத்துக்கங்க. எல்லையில நின்னா ஒரு பந்து தப்பாது. எங்களுக்கு அகிலனைக் குடுங்க."

அகிலன்தான் அணியில் உருப்படியாகப் பந்து வீசுகிறவன். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"குடுத்துரலாம்ணே" என்றான் விக்கெட் கீப்பர் ஞானவேல். "இன்னொண்ணு தோத்தா வெளிய போயிருவோம்."

சிவமுருகன் வந்தால் கீழ்த்தட்டு தேறும். அகிலன் போனால் விக்கெட் எடுக்க ஆளில்லை. எப்படிப் பார்த்தாலும் உதைத்தது. ஆனால் வேலுமணியை உறுத்தியது வேறு. ஆறு மாதமாக அவருக்கு இடது கண் மங்கல். மூன்றாவது கேட்ச் விட்ட அன்று கீழே மேகமே இல்லை. தன் கண்ணை மறைக்க ஒருத்தனைப் பள்ளங்கிக்குத் தள்ளிவிடுவதா என்று வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கு வேலையே இல்லை என்று பயமாகவும் இருந்தது.

பஸ் ஹாரன் அடித்தது.

"வெரசா போடுங்க, வண்டிய எடுத்துருவாங்க" என்று ஜெயமுருகன் பேனாவை நீட்டினார்.

"நீங்க சொன்னா போறேண்ணே" என்றான் அகிலன், நிமிராமல்.

வேலுமணி பேனாவை வாங்கி மூடியைத் திறந்தார். திரும்ப மூடிக் கொடுத்துவிட்டார்.

"வேணாங்க. மாத்த வேண்டியது என்னையத்தான். கடைசி ஆட்டத்துல கீழ மேகமே இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல."

ஜெயமுருகன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

"தெரியும்ணே" என்றான் அகிலன். "அன்னைக்குப் பந்தைத் தேடி நான்தானே கீழ எறங்குனேன். வெயில்ல பாத்தி மேல உங்க நெழலு விழுந்து கெடந்துச்சு."

தெரிந்தேதான் அவன் பள்ளங்கிக்குக் கிளம்ப ஷூ கட்டியிருக்கிறான். வேலுமணியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.