புங்க மரத்துக்குப் போட்ட எண்

செந்தமிழ்ச்செல்வி டீச்சருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி ஒரு கதையே இல்லை. தியாகதுருகத்தில் கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். தினம் இரண்டு பஸ் மாறி, கல்வராயன் மலையடிவாரத்து உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க வந்து போகிறவள். மற்றவர்கள் மாதிரி பாடத்தை வாசித்துக் காட்டிவிட்டு, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவளோ, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் பாடத்தைக் கையால் செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நின்றால் ஆயிற்றா, எதைச் செய்வது? ஆய்வகம் என்று ஓர் அறை உண்டு. அதில் உடைந்த பெஞ்சுகளுக்குத்தான் இடம் இருந்தது. தண்ணீரைச் சோதிக்கிற பெட்டியைத் தூசி தட்டித் திறந்தால் மருந்தெல்லாம் காலாவதி. சரி, மண்புழு உரம் போடலாம் என்று குழி வெட்ட வைத்தாள். ஊர்க் கோழிகள் வந்து கிளறிப் புழுக்களை விருந்தாகத் தின்றுவிட்டுப் போயின. பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காற்றில் இருக்கும் தூசியைப் பிடிக்க அட்டையில் வாஸ்லின் தடவித் தொங்கவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது.

கடைசியில்தான் மரம் ஞாபகத்துக்கு வந்தது. மருந்து வேண்டாம், கண்ணாடிக் குழாய் வேண்டாம், தையல்காரர் டேப் ஒன்று போதும். அடிமரத்தின் சுற்றளவை வருஷா வருஷம் அளந்தால், மரம் எவ்வளவு பருத்தது, காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை இழுத்துக்கொண்டது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடலாம். இதைவிட நல்ல செய்முறை உண்டா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அளக்கிற மரங்களில் எது முதல் மரம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடம் பெருக்குகிற குஞ்சம்மாளின் வீட்டை ஒட்டி, ரோட்டோரமாக நின்ற புங்க மரம். குஞ்சம்மாளின் ஒரே மகள் தமிழ்மொழி நடை பழகி, வாய் ஓயாமல் பேசத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடைமழைக் காலம். ஓடையில் வெள்ளம். அக்கரையிலிருக்கும் சுடுகாட்டுக்குப் போக வழியில்லாமல், வீட்டுப் பக்கத்திலேயே குழி தோண்டிப் பிள்ளையைப் புதைத்தார்கள். புதைத்த இடத்தை மறந்துவிடக் கூடாதென்று குஞ்சம்மாள் ஒரு புங்கங்கன்றை நட்டாள். கன்று மரமாயிற்று. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. காலையில் வேலைக்கு வரும்போது மரத்தைத் தொட்டு, "பள்ளிக்கூடம் போயிட்டு வரேன் மொழி" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். இதெல்லாம் செல்வி டீச்சருக்குத் தெரியும். அந்த நிழலில் உட்கார்ந்து குஞ்சம்மாளோடு சோறு தின்றவள்தானே அவள். அதனால்தான் அந்த மரத்துக்கே முதல் எண் என்று ஆசை ஆசையாக முடிவு செய்தாள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் அளந்தார்கள். குஞ்சம்மாள் அன்றைக்கு ஊரில் இல்லை; அண்ணன் வீட்டுத் துக்கத்துக்காகப் புருஷன் கொளஞ்சியப்பனோடு மலைமேல் போயிருந்தாள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் அளக்க வேண்டுமே, அதற்கு அழியாத அடையாளம் வேண்டும். சாக்பீஸ் மழையில் போய்விடும். டீச்சர் வெள்ளை பெயின்டால் பட்டையாக ஒரு வளையம் போட்டு, அதன்மேல் கறுப்பில் எண் எழுதினாள். மரத்துக்கு எண் போட்டால் பார்க்க எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய ரோட்டை அகலப்படுத்துவதற்காக வழி நெடுகப் புளிய மரங்களுக்குப் போட்டிருந்ததைப் பஸ் ஜன்னலில் தினம் பார்த்தவள்தான். எண் போட்ட மரமெல்லாம் சில நாளில் வேரோடு போனதையும் பார்த்தவள்தான். பார்த்து என்ன பிரயோசனம்? அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. வேலை முடிந்ததும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

விடுமுறை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மரம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வெட்டிய கிளைகள் ஒரு பக்கம் காய்ந்து கிடந்தன. அடிமரமும் இல்லை, இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. குஞ்சம்மாள் விளக்குமாற்றோடு எதிரே வந்தாள்.

குஞ்சம்மாளே சொன்னாள். இருட்டுகிற நேரத்தில் ஊர் திரும்பினார்களாம். மரத்தில் வெள்ளை வளையமும் எண்ணும் இருந்ததாம். எண் போட்ட நேரத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்ததால், போட்டது யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை; திரும்பி வந்ததும் ஒரே பேச்சு: எண் போட்டாச்சு, இனி மிஷின் வரும், உங்களுக்குப் பட்டாவா இருக்கு, யாரைப் போய்க் கேட்பீர்கள் என்று. கீழே புளிய மரங்களைப் பிடுங்கியபோது அவளும் நின்று பார்த்திருக்கிறாள்.

"மிஷின் வந்தா வேரோட புடுங்கி மண்ண எங்கியோ கொட்டிடுவான் டீச்சர். எம்புள்ள ரோட்டுல கெடக்குமேன்னு நெனச்சேன். மனசு கேக்கல. அவரு மரத்த வெட்டினாரு. நானே தோண்டினேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லாமல் அங்கிருந்து நகர அவளால் முடியவில்லை. எண் போட்டது எந்த அதிகாரியும் இல்லை, நான்தான், பிள்ளைகள் படிக்கத்தான், மிஷின் எதுவும் வராது, யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

குஞ்சம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும். 

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டிருக்கலாம் இல்லீங்களா" என்றாள்.

 நாளைக்கே ஒரு புங்கங்கன்று கொண்டு வருகிறேன், இதே இடத்தில் நடலாம், நானே தினம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றாள் டீச்சர்.

"இங்க எதுக்கு டீச்சர்? தோண்டிப் பாத்தேன், எலும்புகூட அம்புடல. அவ இருந்த மண்ண பொடவையில அள்ளிக்கினு போயி ஆத்துல வுட்டுட்டேன். எம்பொண்ணு இப்ப இங்க இல்லியே."

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. குஞ்சம்மாள் ஒன்பதாம் வகுப்பைப் பெருக்கப் போனாள்.